மும்பைல சொசைட்டி வீட்டை காலி பண்ணச் சொல்லுதா? நோட்டீஸ் வந்த நாள்ல இருந்து கோர்ட் வரைக்கும் முழு வழிகாட்டி

முதல்ல இதை மனசுல ஏத்திக்கோங்க. சொசைட்டி (பிளாட்காரங்க சேந்து நடத்துற கூட்டுறவு வீட்டு சங்கம்) செக்ரட்டரியும் சேர்மனும் கையெழுத்து போட்ட லெட்டர் எதுவும் வீட்டை காலி பண்ற ஆர்டர் ஆகாது, ஜெனரல் பாடி (எல்லா மெம்பரும் சேந்த கூட்டம்) கூடி கை தூக்குனாலும் ஆகாது. கோர்ட்டோ சட்டப்படி அதிகாரம் இருக்கிற ஆபீஸரோ ஆர்டர் போட்டாதான் உங்களை வெளிய அனுப்ப முடியும். இது தெரியாம சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர் பக்கம் எத்தனையோ நம்ம குடும்பங்க லெட்டர்ஹெட்டை பாத்தே பயந்து, வந்த விலைக்கு வீட்டை வித்துட்டு டோம்பிவிலிக்கும் அம்பர்நாத்துக்கும் போயிருக்காங்க, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

அதே சமயம் "நம்ம காசு கொடுத்து வாங்குன வீடு, எவன் என்ன பண்ணுவான்"னு இருக்கிறதும் தப்பு. மும்பைல நிறைய சொசைட்டில நிலமும் பில்டிங்கும் சொசைட்டி பேர்ல இருக்கும், உங்க கைல இருக்கிறது ஷேர் சர்டிபிகேட்டும் அது மூலமா அந்த பிளாட்ல குடியிருக்கிற உரிமையும். மெம்பர்ஷிப் போனா அந்த உரிமை ஆட்டம் காணும். ஆனா அது போறதுக்கு மகாராஷ்டிரா கோ-ஆப்பரேட்டிவ் சொசைட்டீஸ் ஆக்ட் 1960 ஒரு வழி வச்சிருக்கு, அந்த வழில சொசைட்டி ஒரு படி தவறுனாலும் நீங்க கேள்வி கேக்கலாம்.

ஸ்டெப் 1: கைல வந்த பேப்பர் என்னன்னு பாருங்க

எல்லாத்தையும் "எவிக்ஷன் நோட்டீஸ்"னு சொல்லிடுறோம், உண்மைல அஞ்சாறு வகை இருக்கு, ஒவ்வொன்னுக்கும் போக வேண்டிய இடம் வேற.

மெயின்டனன்ஸ் பாக்கின்னு வந்திருந்தா அது ரெக்கவரி விஷயம், டெபுட்டி ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல நடக்கும். மராத்தி பேப்பர்ல "உபநிபந்தக்"னு இருக்கிறது இவர்தான். மெம்பர்ஷிப்ல இருந்து நீக்கப் போறோம்னு வந்திருந்தா அது எக்ஸ்பல்ஷன், செக்ஷன் 35. கோ-ஆப்பரேட்டிவ் கோர்ட் சம்மன்னா செக்ஷன் 91 கேஸ். ரீடெவலப்மென்ட்டுக்கு (பழைய பில்டிங்கை இடிச்சு புதுசா கட்டுறதுக்கு) காலி பண்ணச் சொல்லி பில்டர் வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தா அது ஹைகோர்ட் பக்கம் போகப் போகுது, அவசரம். பில்டிங் இடியிற நிலைமைன்னு மும்பை கார்ப்பரேஷன் (பிஎம்சி) 354 நோட்டீஸ் ஒட்டியிருந்தா அதுல சொசைட்டியோட சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, பிஎம்சிதான் எதிர்ல.

மராத்தில இருந்தா யாராவது தெரிஞ்சவங்கள வச்சு முழுசா படிக்கச் சொல்லுங்க, தலைப்பையும் தொகையையும் மட்டும் பாத்துட்டு வைக்காதீங்க. எந்த செக்ஷன், எந்த தேதி, எத்தனை நாள் டைம், யார் கையெழுத்து, இந்த நாலும் தனி பேப்பர்ல எழுதிக்கோங்க. கவரையும் தூக்கிப் போடாதீங்க, அதுல இருக்கிற போஸ்ட் ஆபீஸ் தேதி பின்னாடி உதவும்.

ஸ்டெப் 2: ஃபைல் போடுங்க

ஷேர் சர்டிபிகேட், அக்ரிமென்ட், இண்டெக்ஸ் 2, மெயின்டனன்ஸ் பில், ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், சொசைட்டிக்கு நீங்க எழுதின லெட்டர் எல்லாம் ஒரே இடத்துல. அப்புறம் சொசைட்டிக்கு எழுத்துல கேளுங்க: பைலா (சொசைட்டி விதிமுறை) காபி, உங்க லெட்ஜர் எக்ஸ்ட்ராக்ட் (உங்க பேர்ல இருக்கிற கணக்கு), உங்களைப் பத்தி முடிவு எடுத்த மீட்டிங் மினிட்ஸ். மெம்பருக்கு தன் சம்பந்தப்பட்ட ரெக்கார்டை பாக்கவும் கட்டணம் கட்டி காபி வாங்கவும் உரிமை இருக்கு. செக்ரட்டரிகிட்ட லிஃப்ட்ல பாத்து கேட்டதெல்லாம் எங்கயும் நிக்காது, லெட்டர் ரெண்டு காபி எடுத்து ஒன்னுல சொசைட்டி சீல் வாங்குங்க, வாங்க மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட். வாட்ஸ்அப் குரூப்ல சண்டை போடுறதை மட்டும் தயவு செஞ்சு விட்டுடுங்க, நீங்க கோவத்துல போட்ட வாய்ஸ் மெசேஜ்தான் நாளைக்கு "இவர் சொசைட்டிக்கு கேடு பண்றார்"னு சாட்சியா வரும்.

ஸ்டெப் 3: பாக்கி பிரச்சனையா? இதை எல்லாத்துக்கும் முன்னாடி முடிங்க

என் அனுபவத்துல முக்கால்வாசி சண்டையோட வேர் பணம்தான். மேல் வீட்டு லீக்கேஜ் சரி பண்ணல, பார்க்கிங் தரல, அதனால நான் மெயின்டனன்ஸ் கட்ட மாட்டேன்னு ஒருத்தர் நிறுத்துவார், நியாயம் அவர் பக்கம் இருக்கும், ஆனா சட்டத்துல அவர் டிஃபால்டர் ஆயிடுவார். பில் வந்து 3 மாசத்துக்குள்ள கட்டலன்னா டிஃபால்டர். லீக்கேஜுக்கு தனியா கம்ப்ளெயின்ட் கொடுங்க, பணத்தை நிறுத்தாதீங்க. ஒத்துக்காத தொகை இருந்தா "அண்டர் புரொட்டஸ்ட்"னு லெட்டர்ல எழுதி கட்டிடுங்க, உங்க உரிமை எதுவும் போகாது, எதிராளி கைல இருக்கிற பெரிய ஆயுதம் போயிடும்.

கட்டுறதுக்கு முன்னாடி கணக்கைப் பாருங்க. மாடல் பைலாப்படி வட்டி வருஷத்துக்கு அதிகபட்சம் 21 சதவீதம், அதுவும் சிம்பிள் இன்ட்ரஸ்ட். மாசம் 5,000 வீதம் ஒரு வருஷம் கட்டலன்னா அசல் 60,000, வட்டி ஏறக்குறைய 6,800 ரூபாய்தான் வரும். பத்தாயிரம் பதினஞ்சாயிரம்னு போட்டிருந்தா வட்டிக்கு வட்டி போட்டிருக்காங்கன்னு அர்த்தம். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தா நான்-ஆக்குபன்சி சார்ஜ், சர்வீஸ் சார்ஜ்ல 10 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2001 ஆகஸ்ட்லயே அரசு உத்தரவு இருக்கு. சர்வீஸ் சார்ஜ்லன்னு சொல்றேன், மொத்த மெயின்டனன்ஸ் பில்லுல இல்ல, இங்கதான் நிறைய சொசைட்டி கூட்டிப் போடுது. உங்க பையனோ பொண்ணோ அப்பா அம்மாவோ அங்க இருந்தா அந்த சார்ஜே கிடையாது.

சரி, கட்டாம விட்டா என்ன ஆகும்? 2019ல ஹவுசிங் சொசைட்டிக்குன்னு சட்டத்துல தனி அத்தியாயம் சேத்தாங்க, அதுல செக்ஷன் 154பி-29. சொசைட்டி கணக்கை எடுத்துட்டு டெபுட்டி ரெஜிஸ்ட்ரார்கிட்ட போகும், அவர் உங்களைக் கூப்பிட்டு விசாரிச்சு ரெக்கவரி சர்டிபிகேட் கொடுப்பார். பழைய செக்ஷன் நம்பரை வச்சு பழைய ஆளுங்க இதை இன்னும் "101 கேஸ்"னுதான் சொல்வாங்க. அந்த ஹியரிங்குக்கு கண்டிப்பா போங்க, நீங்களே நின்னு பேசலாம், வட்டிக் கணக்குல தப்பை ஒரு பேப்பர்ல போட்டுக் கொடுங்க. சர்டிபிகேட் வந்துட்டா அந்த தொகைக்கு அதுவே முடிவான சாட்சி. எதிர்த்து ரிவிஷன் (மறுபரிசீலனை மனு) போகணும்னா பாக்கித் தொகைல 50 சதவீதம் சொசைட்டில கட்டினாதான் எடுத்துப்பாங்க. அதுக்கப்புறம் ரெக்கவரி ஆபீஸர் வந்து சாமானை ஜப்தி பண்ணலாம், கடைசில பிளாட்டையே ஏலம் விடலாம். சொசைட்டி பிளாட்ல குடியிருக்கிற உரிமையை ஜப்தி பண்ணி விக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 1975லயே ரமேஷ் ஹிம்மத்லால் ஷா கேஸ்ல சொல்லிடுச்சு. ஆக சில ஆயிரம் ரூபாய் மெயின்டனன்ஸ் சண்டைல ஒரு கோடி ரூபா வீடு போறதுக்கு சட்டத்துல இடம் இருக்கு, வீம்பு பண்ணாதீங்க.

ஸ்டெப் 4: எக்ஸ்பல்ஷன் நோட்டீஸ் வந்தா

இதைத்தான் சொசைட்டிக்காரங்க அதிகமா சொல்லி மிரட்டுவாங்க, ஆனா சரியா செய்றது ரொம்ப கஷ்டம். பைலால காரணங்கள் இருக்கு: தொடர்ந்து பாக்கி வைக்கிறது, பொய் தகவல் கொடுத்து சொசைட்டியை ஏமாத்துறது, வீட்டை சட்டவிரோத வேலைக்கு பயன்படுத்துறது, பைலாவை திரும்பத் திரும்ப பெருசா மீறுறது. கமிட்டியை கேள்வி கேட்டதோ, ரெஜிஸ்ட்ரார்கிட்ட புகார் கொடுத்ததோ, வீட்ல மீன் சமைக்கிறதோ இந்த லிஸ்ட்ல கிடையாது.

நடைமுறை என்னன்னா, ஜெனரல் மீட்டிங் அஜெண்டால அந்த தீர்மானம் இருக்கணும், உங்களுக்கு தனியா நோட்டீஸ் வரணும், நோட்டீஸுக்கும் மீட்டிங்குக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு மாசம் இருக்கணும், மீட்டிங்ல நீங்க பேச வாய்ப்பு கொடுக்கணும், வந்திருக்கிற ஓட்டுரிமை உள்ள மெம்பர்ல முக்கால்வாசி பேர் ஆதரிக்கணும். 60 பிளாட் சொசைட்டில 32 பேர் வந்திருந்தா 24 ஓட்டு வேணும், 23 பத்தாது. அதுக்கப்புறமும் ரெஜிஸ்ட்ரார் ஒப்புதல் கொடுத்தாதான் தீர்மானத்துக்கு உயிர்.

இங்க ஒரு குழி இருக்கு, நல்லா கவனிங்க. சொசைட்டி தீர்மானத்தை அனுப்பின 3 மாசத்துக்குள்ள ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் சரின்னும் சொல்லாம இல்லன்னும் சொல்லாம இருந்தா, அந்த தீர்மானம் தானா அமலுக்கு வந்துடும். அரசு ஆபீஸ்ல ஃபைல் தூங்குறது நமக்குத் தெரியாததா, அந்தத் தூக்கம் உங்க மெம்பர்ஷிப்பை காலி பண்ணிடும். அதனால மீட்டிங் முடிஞ்ச அந்த வாரமே நீங்களே உங்க வார்டு டெபுட்டி ரெஜிஸ்ட்ராருக்கு எதிர்ப்பு மனு கொடுங்க, இன்வர்ட் ஸ்டாம்ப் (மனு வாங்குனதுக்கான முத்திரை) வாங்குங்க, சொசைட்டி எப்ப அனுப்புச்சுன்னு கேட்டு தேதியைக் குறிச்சுக்கோங்க, மாசத்துக்கு ரெண்டு தடவையாவது நேர்ல போய் நில்லுங்க. மாட்டுங்கா, சயான், வடாலா ஆளுங்களுக்கு எஃப் நார்த் வார்டு, தாராவி, மாஹிம் ஜி நார்த், செம்பூர் எம் வெஸ்ட், முலுண்ட் டி (T) வார்டு. மாடா (மகாராஷ்டிரா அரசு வீட்டு வாரியம்) காலனி, எஸ்ஆர்ஏ (குடிசைப் பகுதி மறுவாழ்வு ஆணையம்) பில்டிங்கா இருந்தா அவங்க ரெஜிஸ்ட்ரார் தனி, ஷேர் சர்டிபிகேட்ல இருக்கிற ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் வச்சு எந்த ஆபீஸ்னு கண்டுபிடிக்கலாம்.

மீட்டிங்ல என்ன பேசணும்னா, கம்மியா பேசுங்க. நாலு பக்கத்துல எழுதின பதிலை படிச்சு, ஒரு காபி சேர்மன்கிட்ட கொடுத்து, "இதை மினிட்ஸ்ல சேக்கணும்"னு சொல்லுங்க. ஓட்டு எண்ணும்போது வந்தவங்க எத்தனை, ஆதரவு எத்தனைன்னு நீங்களும் எண்ணுங்க. பக்கத்து வீட்டு மாமாவோ அக்காவோ, உங்களுக்கு எதிரா ஓட்டு போடாத யாராவது ஒருத்தர் கூட இருந்தா பின்னாடி சாட்சிக்கு ஆகும்.

டெபுட்டி ரெஜிஸ்ட்ரார் ஒப்புதல் கொடுத்துட்டா செக்ஷன் 152ல மேல்முறையீடு, 2 மாசத்துக்குள்ள. மும்பைல டிவிஷனல் ஜாயின்ட் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் ஃபோர்ட்ல ஜிபிஓ எதிர்ல மல்ஹோத்ரா ஹவுஸ்ல இருக்கு. அப்பீலோட சேத்து ஸ்டேயும் (இடைக்காலத் தடை) கேளுங்க.

ஸ்டெப் 5: தண்ணிய நிறுத்துனா, பூட்டு போட்டா

கேஸ் நடக்கும்போதே சில கமிட்டி குழாயை மூடும், லிஃப்ட் கார்டை பிளாக் பண்ணும், வேலைக்கு வர்ற அக்காவை கேட்லயே நிறுத்தும். இதுக்கு சட்டத்துல எந்த அதிகாரமும் சொசைட்டிக்கு இல்ல, டிஃபால்டரா இருந்தாலும் சரி. தேதியோட போட்டோ வீடியோ எடுங்க, போலீஸ் ஸ்டேஷன்ல எழுத்துல புகார் கொடுங்க, அவங்க "இது சொசைட்டி மேட்டர்"னு திருப்பி அனுப்பப் பாப்பாங்க, பரவாயில்ல, புகார் கொடுத்த அக்னாலஜ்மென்ட் இருந்தாலே போதும். அப்புறம் கோ-ஆப்பரேட்டிவ் கோர்ட்ல செக்ஷன் 95ல இடைக்கால உத்தரவு கேளுங்க. நீங்க ஊருக்கு போயிருந்தப்ப பூட்டை உடைச்சு புது பூட்டு போட்டா ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் செக்ஷன் 6 இருக்கு, சட்டப்படி இல்லாம வெளியேத்தப்பட்டவர் வீடு யாருதுங்கிற கேள்விக்கே போகாம பொசெஷனை திரும்பக் கேக்கலாம், ஆனா 6 மாசம்தான் டைம். எந்த கோர்ட்ல போடுறதுன்னு வக்கீல்கிட்ட அன்னைக்கே கேளுங்க, தை முடிஞ்சு வரேன், சித்திரைக்கு பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க.

ஸ்டெப் 6: கோ-ஆப்பரேட்டிவ் கோர்ட்

மெம்பரை நீக்கிட்டாலும் அவர் தானா போகலன்னா சொசைட்டி செக்ஷன் 91ல கேஸ் போட்டுதான் காலி பண்ண வைக்கணும். பழைய மெம்பரும் இந்த செக்ஷனுக்குள்ள வருவார். நீங்களும் இதே கோர்ட்டுக்கு தீர்மானத்தை ரத்து பண்ணுங்கன்னு போகலாம். பக்கத்துல இருக்கிற சிவில் கோர்ட்ல போட்டுடலாம்னு சில வக்கீல் சொல்வாங்க, செக்ஷன் 163 குறுக்க நிக்கும், வருஷக்கணக்கா போனப்புறம் "இந்த கோர்ட்டுக்கு அதிகாரமில்ல"ன்னு வந்தா யார் பதில் சொல்றது? கோ-ஆப்பரேட்டிவ் கோர்ட்லயே தினமும் நிக்கிற வக்கீலா பாருங்க, சொந்தக்காரர்ங்கிறதுக்காக கிரிமினல் வக்கீலை பிடிக்காதீங்க.

முதல் தேதிலயே எழுத்து பதில் கொடுக்கத் தயாரா இருங்க. வலுவான பாயின்ட் பெரும்பாலும் நடைமுறைலதான் இருக்கும்: ஒரு மாச நோட்டீஸ் கொடுத்தாங்களா, அஜெண்டால இருந்துச்சா, முக்கால்வாசி வந்துச்சா, பேச விட்டாங்களா. "என்னை தமிழன்னு ஒதுக்குறாங்க"ங்கிறது உண்மையாவே இருக்கலாம், வலியும் எனக்குப் புரியுது, ஆனா கோர்ட்ல அதை மட்டும் வச்சு நிக்காதீங்க. ஒரே தப்பை மத்தவங்களும் பண்ணி உங்க மேல மட்டும் நடவடிக்கை எடுத்திருந்தா, அவங்க பிளாட் நம்பர், தேதி, போட்டோ போட்டு பாரபட்சம்னு நிரூபிங்க, அது எடுபடும்.

தீர்ப்பு எதிரா வந்தா செக்ஷன் 97ல மகாராஷ்டிரா ஸ்டேட் கோ-ஆப்பரேட்டிவ் அப்பலேட் கோர்ட், இதுக்கும் 2 மாசம்தான்.

வாடகைக்கு இருக்கிறவங்க விஷயத்துல மட்டும் கணக்கு வேற. லீவ் அண்ட் லைசன்ஸ்ல (மும்பைல வழக்கமா போடுற வாடகை ஒப்பந்தம்) நாமினல் மெம்பரா (பேருக்கு மட்டும் மெம்பர்) இருந்தவரை சொசைட்டி 91ல காலி பண்ண வைக்கலாம்னு 1982ல ஓ.என். பட்நாகர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, ஆனா ரென்ட் ஆக்ட் பாதுகாப்பு இருக்கிற பழைய டெனன்ட்டை அப்படி தூக்க முடியாதுன்னு 1990ல சன்வர்மல் கேஜ்ரிவால் கேஸ்ல சொல்லுச்சு. மாட்டுங்கா பக்கம் அம்பது வருஷமா வாடகைல இருக்கிற பெரியவங்க இந்த ரெண்டாவது தீர்ப்பை வக்கீல்கிட்ட கண்டிப்பா கேளுங்க.

ஸ்டெப் 7: ரீடெவலப்மென்ட், நிஜமா வீடு போற இடம் இதுதான்

இன்னைக்கு மும்பைல கோர்ட் ரிசீவர் (வீட்டை கைப்பத்த கோர்ட் நியமிக்கிற ஆபீஸர்) வந்து மெம்பரை வெளியேத்துறது பெரும்பாலும் ரீடெவலப்மென்ட்லதான். மத்த கேஸெல்லாம் வருஷக்கணக்குல இழுக்கும், இது சில மாசத்துலயே முடிஞ்சுடும். 2009ல பாம்பே ஹைகோர்ட் டிவிஷன் பெஞ்ச் கிரீஷ் முல்சந்த் மேத்தா கேஸ்ல சொன்னது என்னன்னா, ஜெனரல் பாடி முறைப்படி எடுத்த முடிவு எதிர்ப்பு சொன்ன மெம்பரையும் கட்டுப்படுத்தும், அக்ரிமென்ட்ல கையெழுத்து போடலன்னாலும் தப்பிக்க முடியாது. அதுக்கப்புறம் பில்டர் ஆர்பிட்ரேஷன் சட்டம் செக்ஷன் 9ல நேரா ஹைகோர்ட் போவார், கையெழுத்து போடாத ரெண்டு பேருக்காக மத்தவங்க எல்லாம் வெளிய வாடகைல கஷ்டப்படுறாங்கன்னு சொல்வார், ஆர்டர் வந்துடும்.

அதனால எதிர்ப்பை கடைசில காட்டாதீங்க, ஆரம்பத்துலயே காட்டுங்க. 2019 ஜூலை 4ஆம் தேதி அரசு வழிகாட்டுதல்படி பில்டரை தேர்ந்தெடுக்கிற மீட்டிங்குக்கு மொத்த மெம்பர்ல மூணுல ரெண்டு பங்கு வரணும், மொத்த மெம்பர்ல 51 சதவீதம் ஆதரிக்கணும், வீடியோ எடுக்கணும். அந்த மீட்டிங்குக்கு போகாம வீட்ல உக்காந்துட்டு பின்னாடி கத்துறது வேலைக்காகாது. போங்க, கேளுங்க: பேங்க் கேரன்டி இருக்கா, கார்ப்பெட் ஏரியா எவ்ளோ, வாடகை எத்தனை மாசத்துக்கு முன்பணமா வரும், லேட்டானா என்ன, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டம்) ரெஜிஸ்ட்ரேஷன் எப்ப. பதிலை மினிட்ஸ்ல ஏத்துங்க. உங்க பேர்ல தனியா பெர்மனென்ட் ஆல்டர்னேட் அகாமடேஷன் அக்ரிமென்ட் (புது பில்டிங்ல உங்களுக்கு வீடு தர்றதுக்கான ஒப்பந்தம்) ரெஜிஸ்டர் ஆகாம சாவியைக் கொடுக்காதீங்க, இதுக்காக நிக்கிற மெம்பரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா இதெல்லாம் கொடுத்தப்புறமும் கூட ஒரு கார் பார்க்கிங், கூட அம்பது சதுர அடின்னு பிடிவாதம் பிடிச்சா ஹைகோர்ட் கேக்காது, நான் அதை சரின்னும் சொல்ல மாட்டேன், மத்த குடும்பங்களோட வாழ்க்கையும் அதுல மாட்டிக்கிட்டு இருக்கு.

பில்டிங் சி1 கேட்டகரின்னு, அதாவது உடனே காலி பண்ணி இடிக்கணும்னு ரிப்போர்ட் வந்து பிஎம்சி 354 நோட்டீஸ் கொடுத்தா, ரிப்போர்ட்ல சந்தேகம் இருந்தா உடனே வேற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வச்சு ஆடிட் பண்ணுங்க, ரெண்டு ரிப்போர்ட் முரண்பட்டா பிஎம்சியோட டெக்னிக்கல் அட்வைசரி கமிட்டிக்கு போகும். காலி பண்றதா இருந்தா ஒவ்வொரு வீட்டுக்கும் கார்ப்பெட் ஏரியாவை கார்ப்பரேஷன் ரெக்கார்ட்ல பதிய வச்சு காபி வாங்குங்க, பில்டிங் போனாலும் அந்த அளவுக்கு உங்க உரிமை போகாது. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சண்டை போட்டுக்கிட்டு உள்ளயே இருக்காதீங்க, மழைக்காலத்துல இந்த ஊர்ல பில்டிங் விழுந்து எத்தனை பேர் போயிருக்காங்க.

ஸ்டெப் 8: ஆர்டர் வந்தாச்சுன்னா

கோ-ஆப்பரேட்டிவ் கோர்ட் ஆர்டரை செக்ஷன் 98ல சிவில் டிக்ரி மாதிரியே நிறைவேத்தலாம், ஆள் வருவாங்க. அப்பீலுக்கு டைம் வேணும்னு தீர்ப்பு சொன்ன அன்னைக்கே அதே கோர்ட்ல வாயால கேட்டு சில வாரம் ஸ்டே வாங்கப் பாருங்க, வக்கீல் மறந்தாலும் நீங்க ஞாபகப்படுத்துங்க. சர்டிஃபைட் காபிக்கு அன்னைக்கே அப்ளை பண்ணுங்க, கடைசி வாரத்துல ஓடுறவங்களுக்கு காபி கைக்கு வர்றதுக்குள்ள தேதி முடிஞ்சுடும்.

ஸ்டேயும் கிடைக்கல, காலி பண்ணித்தான் ஆகணும்னா, வர்ற ஆபீஸர்கூட கைகலப்பு வேண்டாம், புது கேஸ் ஒன்னு தேவையில்லாம சேரும். ஸ்கூல் போற பிள்ளைங்களையும் வயசானவங்களையும் முன்னாடி நாளே சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க. சாமானை ரூம் ரூமா வீடியோ எடுங்க, நகை, பத்திரம், ஷேர் சர்டிபிகேட், ரேஷன் கார்டு எல்லாம் முதல்லயே உங்க கையோட. அவங்க எழுதுற பஞ்சநாமால (சாட்சிங்க முன்னாடி எழுதுற பதிவு) சாமான் லிஸ்ட் சரியா இருக்கான்னு படிச்சுப் பாத்து, "எதிர்ப்புடன், அப்பீல் உரிமைக்கு உட்பட்டு"ன்னு எழுதி கையெழுத்து போட்டு, ஒரு காபியை அங்கயே கேட்டு வாங்கிக்கோங்க.